நாடாவின் மறுபாதி

வெள்ளை அங்கிகளைத் துவைப்பது ஃபிட்டரின் வேலை. அதை அவர் மனைவி தொடக் கூடாது, தங்கை பக்கத்திலேயே வரக் கூடாது. சனிக்கிழமை காலையில் வாளியைக் கழுவி, கழுவிய வாளியை இன்னொரு தடவை கழுவி, ஆய்வுக்கூடத்து அங்கிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி வைப்பார். வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது, பஞ்சு ஒட்டும். கஞ்சி போடக் கூடாது. வெளியே காயப்போடக் கூடாது, தெருப் புழுதி ஏறும். உள்ளறை ஜன்னலைச் சாத்தி, மின்விசிறிக்கடியில் கொடி கட்டித்தான் காயவைக்க வேண்டும். நாலு ‘கூடாது’ போட்டால்தான் எங்கள் அண்ணனுக்கு ஒரு துணி வெளுக்கும் என்று தங்கை சொல்வாள்.

“ஒரு கண்ணாடி முன்னாடி போய் நிக்கிறதுக்கு இவ்வளவு சுத்தபத்தமா? கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படித் தேச்சுக் குளிக்கலையே அண்ணா,” என்றாள் அவள், தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

“உன் வாயைத் தைக்க ஒரு கண்டு நூல் பத்தாதுடி.”

“நூல் இருக்கு. ஊசியப் புடிக்கிற தைரியம் யாருக்கு இருக்கு?”

சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்த ஃபிட்டரின் மனைவி சிரித்தாள். திங்கட்கிழமை மூன்று நிபுணர்கள் வருகிறார்கள். அவர்களுக்குமுன் அவள் பேச வேண்டிய பேச்சு முடிகிற நிலையில் இருந்தது. வேலை செய்கிற இடத்தில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். எட்டு வருடமாக ஒரே ஒரு கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அழுபவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஃபிட்டர் அங்கிகளின் பைகளைத் துழாவினார். முக்குவதற்கு முன் துழாவுவது அவர் வழக்கம். தன்னுடைய இரண்டு அங்கிகளிலிருந்து ஒரு பேனா மூடி, இரண்டு வாஷர். அவளுடைய புது அங்கியில் ஒன்றுமில்லை. நான்காவது அவளுடைய பழைய அங்கி. கைப்பட்டி கிழிந்துபோய் நாலு மாதமாக ஆய்வுக்கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் வருகிறார்களே என்று நேற்று எல்லாவற்றையும் அள்ளியபோது அதுவும் வந்துவிட்டது. அதன் பையில் விரலை விட்டு வெளியே எடுத்தபோது விரலோடு ஒரு ரோஸ் நிற நாடா வந்தது. விரல் நீளம். இரண்டு முனையும் தீயில் பொசுக்கியது.

அவர் அதை ஈரக்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதோட ஜோடி எங்க?” என்றார்.

ஜோடி விஷயம் இதுதான். பட்டறையில் எந்த வேலையைத் தற்காலிகமாகச் செய்தாலும், ஒரு திருகைத் தளர்த்தி விட்டாலும், ஒரு கம்பியை ஒட்டுப்போட்டாலும், அந்த இடத்தில் ஒரு நாடா கட்ட வேண்டும். அதன் ஜோடி, அந்த வேலையைச் சரிசெய்து முடிக்க வேண்டியவர் பையில் இருக்க வேண்டும். சரிசெய்ததும் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார்கள். ஃபிட்டர் கொண்டுவந்த ஏற்பாடு அது. நாடா வெட்டித் தருவது தங்கை. வாடிக்கைக்காரிகளின் லைனிங் துணியில் மிஞ்சுவதை நூல் உதிராமல் மெழுகுவர்த்தியில் முனை பொசுக்கி, இரண்டிரண்டாகக் கட்டித் தருவாள். ரோஸ் நிறம் அதிகம் மிஞ்சும் என்பதால் உலகத்திலேயே நுணுக்கமான கருவிகளில் ஒன்று, பெண்குழந்தையின் சடைபோல ரோஸ் நாடாவோடு திரிந்தது. முடிச்சில்லாத நாடா ஒருவர் பையில் இருந்தால், எங்கோ ஒரு வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

“எங்கேயாவது பழசா இருக்கும்,” என்றாள் அவள், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

“பழசெல்லாம் முடிச்சுப் போட்டாச்சு. டப்பாவ நான்தானே வெச்சிருக்கேன். இது மலையில, நட்சத்திரப் படம் எடுத்த அன்னிக்கு நான் உங்கிட்ட குடுத்தது.”

“கழட்டியிருப்பேன்.”

“கழட்டினா முடிச்சுப் போட்டிருப்ப.”

தையல் மிஷின் நின்றது. “என்ன, என் நாடாவுக்கு என்ன ஆச்சு?” என்றாள் நாத்தனார். அவள் தலைக்கு மேலே சுவரில், ஊசி குத்தி மாட்டிய ஒரு படம் இருந்தது. கறுப்புத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம். இடதுபக்கம் தண்ணீரில் விழுந்த வெண்ணெய் மாதிரி பரந்து கலங்கியது. வலதுபக்கம் ஊசிமுனை. அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் நாத்தனார் அதைக் காட்டுவாள்: “இந்தக் கலங்கல இப்படி ஆக்கினது எங்க அண்ணி. உங்க இடுப்பளவத்தான் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல.”

கண்ணாடியம்மா எழுந்து வந்து கணவரின் கையிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

“ஒண்ணுமில்ல. போய்ப் பாத்துட்டு வந்துடறேன்,” என்றாள். டீயைக் குடித்துவிட்டுப் போ என்று யாரோ சொன்னது தெருவுக்கு வந்த பிறகுதான் காதில் விழுந்தது.

அவள் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்காரரின் மகள். மேலே போவதும் கீழே வருவதுமாகவே அப்பாவின் காலம் கழிந்தது. மகளாவது ஒரேயடியாக மேலே போகட்டும் என்று படிக்கவைத்தார். அவளும் படித்தாள், படித்துக்கொண்டே இருந்தாள். முப்பத்துமூன்று வயதில் இந்த ஆய்வகத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். அந்த ஒரு வருடம் ஒன்பது தடவை நீண்டு, அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு.

அவள் வேலையை நாத்தனாருக்கு ஒருமுறை இப்படிச் சொன்னாள். வாளித் தண்ணீருக்கடியில் ஒரு காசு கிடக்கிறது. தண்ணீர் ஆடினால் காசும் நெளிகிறது. காசு நெளியவில்லை, நடுவில் இருப்பது நெளிகிறது. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவில் இருப்பது காற்று. அது சும்மா இருப்பதில்லை. எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் நட்சத்திரம் கொதிக்கிற மாதிரித்தான் தெரியும். அதனால் காகிதம் மாதிரி மெல்லிய ஒரு கண்ணாடியைச் செய்து, அதன் முதுகில் தொண்ணூற்றேழு ஊசிகளை வைத்து, காற்று ஒளியை எந்தப் பக்கம் கசக்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கண்ணாடியை வளைக்க வேண்டும். ஒரு விநாடிக்கு ஆயிரம் தடவை.

“ஓ, பிட்டிங் பாக்குறது,” என்றாள் நாத்தனார். “ஒருத்தி உடம்பு கோணலா இருந்தா ரவிக்கையையும் அதே கோணலுக்கு வெட்டணும். அப்பதான் நேரா தெரியும்.”

இவ்வளவு பொருத்தமாக எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை என்று கண்ணாடியம்மா நினைத்தாள்.

அந்த மெல்லிய கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. வெளியே கேட்ட இடமெல்லாம் முடியாது என்றார்கள். பட்டறையில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்த ஃபிட்டர் மட்டும் வரைபடத்தை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் டைம் குடுங்க மேடம்,” என்றார். ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். சட்டத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, அளந்து சொல்லுங்கள் மேடம் என்று பார்த்தார். அவள் அளந்தாள், எங்கும் பிசகவில்லை. அடுத்த வருடம் கல்யாணம். டாக்டருக்கு ஸ்பேனர் என்று நடைபாதையில் சிரித்தார்கள். அவள் அம்மா ஒரு வருடம் பேசவில்லை. ஆய்வகத்துக்குள் அவர் அவளை மேடம் என்பார். வாசலைத் தாண்டினால் நீ, வா, போ.

அவருக்கு வயது நாற்பத்தேழு. பதினான்கு வருடமாகத் தற்காலிகம். நாற்பத்தெட்டு முடிந்தால் நிரந்தர வேலைக்கு எடுக்க மாட்டார்கள், அதுதான் விதி. திங்கட்கிழமை வருகிறவர்கள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டால் கருவிக்கு இன்னும் ஐந்து வருடம், அவளுக்கு ஒரு இடம், அவருக்கு ஒரு இடம். அவருடைய கோப்பு தலைவரின் மேசைமேல் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. எல்லாம் அந்தப் படத்தால், அந்த ஊசிமுனையால்.

ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. அவள் செருப்பை விட்டுவிட்டு உள்செருப்பு போட்டு, தலைக்கு உறை மாட்டி, பெட்டியின் மூடியில் இருந்த எட்டுத் திருகுகளையும் கழற்றினாள். மலையிலிருந்து லாரியில் இறங்கி வந்த நாளிலிருந்து அந்த மூடி திறக்கப்படவே இல்லை. மூடியைத் தூக்கியதும் முதலில் தெரிந்தது ரோஸ் நாடாதான். சின்ன வில்லாக, அழகாக, அவர் கட்டினபடியே இருந்தது. அதற்குக் கீழே நகத்தளவு செம்புக் கம்பி.

கருவிக்குள் ஒரு சின்ன விளக்கு உண்டு. நட்சத்திரம் இல்லாதபோது கண்ணாடியைச் சோதிக்க அதுதான் பொய் நட்சத்திரம். ஒரு உலோகக் கை நடுவில் வந்து நின்றால் உள்விளக்கின் ஒளி கேமராவுக்குப் போகும். கை விலகினால் வானத்து ஒளி போகும். கை முழுக்க விலகிவிட்டதா என்று சொல்ல ஒரு சுவிட்ச். அன்று மலையில் குளிர். சுவிட்ச் பனியில் முரண்டு பிடித்தது. கை விலகினாலும் விலகவில்லை என்றே சொன்னது, வேலை நகரவில்லை. தொலைநோக்கியை அவர்களுக்குக் கொடுத்ததே இரண்டு இரவு, அதில் ஒன்று மழையில் போயிருந்தது.

“சுவிட்ச்ச விட்டுத் தள்ளுங்க. ஒரு கம்பியப் போட்டுச் சேத்துடுங்க, எப்பவும் ‘விலகிடுச்சு’ன்னு சொல்லட்டும்,” என்று அவள்தான் சொன்னாள்.

“கண்ணக் கட்டிட்டு வண்டி ஓட்டச் சொல்றீங்களே மேடம்.”

“ஒரு தடவதான். முடிஞ்சதும் நானே கழட்டிடறேன்.”

அவர் கம்பியைப் போட்டார். நாடாவைக் கட்டினார். ஜோடியை அவளிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்த ஊசிமுனை கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். நாடாவை யார் நினைத்தார்கள்?

இப்போது அவள் கையை விலகச் சொல்லிக் கணினியில் தட்டினாள். கை விலகியது. திரையில் ‘விலகிவிட்டது’ என்று வந்தது. திரும்ப உள்ளே வரச்சொல்லி, மறுபடி விலகச் சொன்னாள். சரியாக விலகியது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஏழாவது தடவை, நாக்கைச் சப்புக் கொட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம். கை பாதியில் நின்றுவிட்டது, விளக்கை மறைக்காமல், வானத்தை அடைத்துக்கொண்டு. திரையில் ‘விலகிவிட்டது’ என்று வந்தது.

அப்போதும் அவள் விடவில்லை. இங்கே சிக்கினால் அங்கே சிக்கியிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அன்றைய பதிவேட்டைத் தேடி எடுத்தாள். தொலைநோக்கியை ஓட்டுகிறவர் தன் கோணல் கையெழுத்தில் எல்லாவற்றையும் குறித்துவைக்கிற மனிதர். இரவு இரண்டு பத்துக்கு மெல்லிய மேகம். இரண்டு பதினாறுக்கு விலகியது. ஊசிமுனைப் படங்கள் எடுத்தது இரண்டிலிருந்து இரண்டு இருபதுவரை. மேகம் வந்தால் நட்சத்திரம் மங்க வேண்டும். அவள் அந்த இருபது நிமிடத்துப் பிரகாசத்தையும் ஒரு கோடாக வரைந்தாள்.

கோடு அசையவில்லை. இரண்டு பத்துக்கும் அசையவில்லை, இரண்டு பதினாறுக்கும் அசையவில்லை. அளவுகோல் வைத்து இழுத்தமாதிரி ஓடியது.

விளக்குக்கு மேகம் தெரியாது.

இடதுபக்கத்துக் கலங்கல் உண்மையான நட்சத்திரம். வலதுபக்கத்து ஊசிமுனை அவளே ஏற்றிவைத்த விளக்கு. ஆராய்ச்சி இதழில் வந்தது, நடைபாதையில் சட்டம் போட்டு மாட்டியது, நாத்தனார் ஊசி குத்தி வைத்தது, எல்லாம் அந்த விளக்குதான். இருபது நிமிடம் இம்மியும் ஆடவில்லை பாருங்கள் என்று நாலு மேடையில் அவளே பெருமையடித்திருக்கிறாள். ஆடாமல் இருந்ததே ஒருவருக்கும் உறுத்தவில்லை. கிடைக்க வேண்டும் என்று எட்டு வருடம் காத்திருந்த ஒன்று கிடைத்தால் யார் அதைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?

அழுகை வரவில்லை. லிஃப்டில் கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது வருமே, அது. ஆனால் இது நிற்கவே இல்லை.

அவள் ஃபோன் செய்து அரைமணியில் ஃபிட்டர் வந்தார். சட்டைக் கையில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. அவர் திரையில் இருந்த கோட்டைப் பார்க்கவில்லை, கருவியின் கையைத்தான் பார்த்தார். விரலால் மெதுவாக ஆட்டினார்.

“ஸ்பிரிங் தளர்ந்திருக்கு,” என்றார். “நான் செஞ்ச கைதான்.”

“ஸ்பிரிங் எப்ப வேணாலும் தளரும். தளர்ந்தா சொல்லத்தான் சுவிட்ச். அது வாயைக் கட்டினது…” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், படுத்த நோயாளியைப் பார்ப்பதுபோல.

“செவ்வாக்கிழமை சொல்லலாமா?” என்றாள் அவள். “அவங்க வந்துட்டுப் போகட்டும். கருவி தப்பில்லங்க. கண்ணாடி வேலை செய்யுது, உங்களுக்கே தெரியும். இன்னொரு ராத்திரி கெடச்சா நெஜமாவே எடுத்துக் காட்டிடுவேன்.”

“அப்ப, மூணு பெரிய மனுஷங்க ஒரு விளக்கப் பாத்து நட்சத்திரம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும். போன பின்னாடி நாம சொல்லணும்.”

“உங்க கோப்பு?”

“என் கோப்பு அந்த விளக்கு வெளிச்சத்துல பாஸாக வேண்டாம்.” அவர் எழுந்தார். “தலைவர் ரூம்லதான் இருக்கார். சுத்தியல் சத்தம் கேட்டுச்சு. வா… வாங்க மேடம்.”

தலைவர் நாற்காலிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு வெற்றுத் தாளோடு இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். அந்தப் படத்தையே ஒரு ஆள் அகலத்துக்குப் பெரிதாக்கி, தன் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க ஃபிட்டர், நல்ல நேரத்துல வந்தீங்க. கோணலா இருக்கா பாருங்க. மூணு பேர்ல ஒருத்தர் ரொம்பக் கறார். படம் கோணலா இருந்தா கருவியும் கோணல்னு எழுதிடுவார்.”

யாரும் சிரிக்காததைப் பார்த்து அவர் சுத்தியலைத் தாழ்த்தினார். அவள் சொன்னாள், சுற்றி வளைக்காமல். கை, சுவிட்ச், கம்பி, மேகம், கோடு. கோடு போட்ட தாளை நீட்டினாள். அவர் நாற்காலியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கி, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

“விளக்கா?”

“விளக்குதான் சார்.”

“நாலு மாசமா ஒரு விளக்கக் கையில வெச்சுக்கிட்டு ஊர் ஊரா நட்சத்திரம் காட்டிட்டு வந்திருக்கேன்.” அவர் குரல் உயரவில்லை. “என் பேத்தி பள்ளிக்கூடத்துல போய்க்கூடப் பேசினேம்மா.”

அவள் தலை குனிந்தாள். அவர் அறையை ஒரு சுற்று நடந்தார். பிறகு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபோது வேறு ஆளாக இருந்தார், பன்னிரண்டு வருடம் இந்தத் திட்டத்தைச் சாகவிடாமல் வைத்திருந்த ஆளாக.

“சரி. மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. திங்கக்கிழமை அவங்க உக்காந்ததும் நானே சொல்லிடறேன். இதழுக்கும் எழுதிடலாம். ஆனா அவங்க முதல்ல கேக்கப் போறது ஒண்ணே ஒண்ணு. கம்பி யார் போட்டது? யார் சொல்லிப் போட்டது? வேலை செய்யற ஆள் கைதவறிச் செஞ்சதுன்னா, அது பட்டறைத் தப்பு. திட்டம் பொழைச்சுக்கும், இன்னொரு வாய்ப்பு கேக்கலாம். கருவிய நடத்துறவங்களே காவல எடுத்துட்டு ஓட்டினாங்கன்னா…” அவர் பேனாவைத் திறந்தார். “அவங்க கையில எதுக்குத் திரும்பக் குடுக்கணும்னு கேப்பாங்க. நியாயந்தான். இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். சொல்லுங்க, யாரு?”

நாடா அவள் கைக்குள் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பியபோது மூடிய கை. கருவியைத் தொடும்போது மட்டும் பையில் போட்டு, மறுபடி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பொசுக்கிய முனை உள்ளங்கையில் குத்தியது. எட்டு வருடம் என்று நினைத்தாள். தொண்ணூற்றேழு ஊசி என்று நினைத்தாள். நான்தான் சார் என்கிற இரண்டு வார்த்தை நாக்குக்குப் பின்னால் வந்து நின்றது.

“நான்தான் சார் போட்டேன்,” என்றார் ஃபிட்டர். “யாரும் சொல்லல. சுவிட்ச் தொல்லை குடுத்துச்சு, நானாப் போட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் தலைவரைப் பார்க்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை, கோபமும் இல்லை. சட்டத்தை மேசைமேல் வைத்த அன்று பார்த்தாரே, அளந்து சொல்லுங்கள் மேடம் என்று, அந்தப் பார்வை.

அவள் வாயைத் திறந்தாள்.

“ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்துச்சு சார்,” என்றாள்.

தலைவர் எழுதி முடித்துவிட்டு, மேசை ஓரத்தில் இருந்த ஒரு மெல்லிய கோப்பை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். “இது இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும் ஃபிட்டர். இந்த நேரத்துல அனுப்பினா நல்லாருக்காது. புரியும்னு நெனக்கிறேன்.”

“புரியுது சார்.” கதவுவரைக்கும் போனவர் நின்றார். “படம் இடதுபக்கம் அரை விரக்கடை இறங்கியிருக்கு சார்.”

வீட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார்.

சாயங்காலம் நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “அண்ணி, பழைய அங்கிக்குக் கைப்பட்டி மாத்திட்டேன். திங்கக்கிழமை அதையே போட்டுக்கோங்க, அதுதானே ராசி? அன்னிக்கு அதப் போட்டுட்டுத்தானே நட்சத்திரத்தப் புடிச்சீங்க?”

“ஆமா,” என்றாள் கண்ணாடியம்மா.

“என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க? நாடாவோட ஜோடி கெடச்சுதா இல்லையா?”

“கெடச்சுது,” என்று அவள் அண்ணன் சொன்னார். சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் உள்ளறைக்குப் போனார்.

அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாலு அங்கிகளும் கொடியில் தலையில்லாத ஆட்கள்போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றை எடுத்து, மேசைமேல் விரித்து, வெள்ளைத் துணியை மேலே போட்டு இஸ்திரி போட ஆரம்பித்தார். நேராகத் தேய்க்கக் கூடாது, பளபளப்பு ஏறும். அதுவும் ஒரு ‘கூடாது’தான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கொடிக்கு இந்தப்பக்கம் நின்றாள். முன்னறையில் மிஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“எப்படி?”

“யாரும் சொல்லலன்னு.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அங்கியின் பித்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டார். “‘இல்ல, நான்தான் சொன்னேன்’னு நீ சொல்லுவன்னு நெனச்சேன்,” என்றார்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியில் யாரோ வாடிக்கைக்காரி வந்திருக்க வேண்டும். எங்க அண்ணி என்று தொடங்கி நாத்தனாரின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

“பயந்துட்டேங்க,” என்றாள். “வார்த்தை வாய்க்கு வந்துச்சு. வந்து அப்படியே… வேற வார்த்தையா போயிடுச்சு.”

“ம்.”

“ஸ்பிரிங் தளர்ந்திருக்குன்னு நீங்கதானே முதல்ல சொன்னீங்க.”

“உங்கிட்ட சொன்னேன்.”

அவர் முதல் அங்கியை மடித்து நாற்காலியில் வைத்தார். இரண்டாவதை எடுத்தார். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தழும்பும் காய்ப்புமாக, எந்தக் கண்ணாடியிலும் ரேகை படவிடாத கை. எத்தனை வருடமாகத் தற்காலிகம் என்று கணக்குப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

“திங்கக்கிழமை நான் போய்ச் சொல்லிடறேன்,” என்றாள். “நான்தான் போடச் சொன்னேன், நான்தான் கழட்ட மறந்தேன்னு. நாடாவக் காட்டிடறேன். சத்தியமா.”

“சரி,” என்றார்.

மூன்றாவது அங்கியும் ஆயிற்று. நான்காவது, புதுக் கைப்பட்டி வைத்தது. அதை அவர் மெதுவாகத் தேய்த்தார். பைக்குள் விரலை விட்டு ஒருமுறை பார்த்துக்கொண்டார். மடித்து, மற்ற மூன்றின்மேல் வைத்து, நான்கையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அவங்க வர்றதுக்கு முன்னாடியா, போன பின்னாடியா?”

அவள் உள்ளங்கையைத் திறந்தாள். வியர்வையில் நாடா சுருண்டு, கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீவி நேராக்கினாள். விட்டதும் அது மறுபடி சுருண்டது. திரும்பவும் நீவினாள்.

அவர் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. காலிக் கொடி ஆடியது. பிறகு அவர் ஒரு கையால் அங்கிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.